ஆறப்போட்ட கொல்லை

ஒரு நாள் காலை எங்கள் கொல்லையில் ஒரு போர்டு நின்றுகொண்டிருந்தது. தகரத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து, வெள்ளை எழுத்து எழுதி, இரும்புக் குழாயில் பற்றவைத்து, அடியில் சிமெண்ட் போட்டு நட்டிருந்தார்கள். ஆடு ஓட்டிப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். ஊரில் பாதிப் பேர் அங்கே போய் நின்றோம். இப்போது எங்கள் ஊரில் காலேஜ் வரைக்கும் போன பிள்ளைகள் இருக்கிறார்கள்; அப்போதும் என்னைவிடப் படித்தவர்கள் இருந்தார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனாலும் போர்டு நிற்பது என் கொல்லை என்பதால் என்னைத்தான் படிக்கச் சொன்னார்கள்.

நான் மெதுவாகப் படித்தேன். இது முன்னாள் படைவீரர் ஒருவருக்கு அரசு ஒப்படை செய்த நிலம் என்றும், மற்றவர்கள் உள்ளே நுழையக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது.

"சத்தமா படிண்ணா. சாமிகிட்ட வேண்டிக்கிற மாதிரி வாய்க்குள்ளயே படிக்கிற" என்று பின்னாலிருந்து ஒரு பையன் சொன்னான். சிலர் சிரித்தார்கள்.

மறுபடியும் சத்தமாகப் படித்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நுழையக் கூடாது என்ற இடத்துக்குள் நின்றுகொண்டுதான் எல்லோரும் அதைக் கேட்டோம். ஊர்க்கவுண்டர் முதலில் வெளியே நடந்தார். அவர் எங்கள் ஊருக்குத் தலைமை. எனக்குப் பெரியப்பா முறை. அவர் காலடியைப் பார்த்தபடி மற்றவர்களும் வெளியே வந்தார்கள். நான் கடைசியாக வந்தேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கம் மண் கனம் குறைவு. ஒரு முழம் தோண்டினால் பாறை தட்டும். சாமை, கேழ்வரகு என்று மூன்று வருஷம் விதைத்துவிட்டு நிலத்தை ஆறப் போடுவோம். பிறகு நாலைந்து வருஷம் அதில் ஏர் போகாது. செடியும் புல்லும் மண்டும். ஆடுகள் மேயும். தழை விழுந்து மக்கி மண் மறுபடி கறுக்கும். கீழிருந்து வருகிறவர்களுக்கு அது யாருக்கும் வேண்டாத இடமாகத் தெரியும். ஆபீஸ் கணக்கிலும் அதற்குத் தரிசு என்றுதான் பெயர். அந்தச் சரிவை என் அப்பா உழுதார். அவருக்குப் பிறகு நான் உழுதேன். நாலு வருஷமாக ஆறப் போட்டிருந்தேன். வருகிற மழைக்கு ஏர் கட்ட வேண்டும் என்று இருந்தேன். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் எதுவும் கிடையாது. என்னிடம் மட்டும் என்றில்லை, ஆறப்போட்ட கொல்லைக்கு எங்கள் ஊரில் யாரிடமும் பட்டா கிடையாது.

"நாளைக்கே ஆபீசுக்குப் போயி கேட்டுட்டு வாயேன் மாமா" என்றாள் என் மனைவி.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்த ஊர்க்கவுண்டர் அதற்குப் பதில் சொன்னார். "போனா ஒரு கொல்லையோட நிக்காதும்மா. உன்னுது எது, அவனுது எதுன்னு எல்லாத்தையும் எண்ணுவான். எண்ணிட்டு எல்லாமே தரிசுன்னு எழுதினு போவான். அப்புறம் இன்னும் எத்தினி பட்டாளத்தான் கீறானோ, அத்தினி பேருக்கும் இங்கயே எடம் கெடைக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் வாய்தான்டா. நீ இன்னா சொல்ற?"

எங்கள் ஊரில் இது ஒரு கட்டுப்பாடு. ஒரு கொல்லையைப் பற்றி ஊர்முன்னால் பேசவேண்டும் என்றால், அதைக் கடைசியாக உழுதவன்தான் பேச வேண்டும். அவனுக்காக அண்ணன் தம்பி பேச முடியாது. ஊர்க்கவுண்டரே பேச முடியாது. அடுத்து வேறொருவன் உழுதுவிட்டால் பேச்சும் அவனிடம் போய்விடும். சண்டை வராமல் இருக்க யாரோ எப்போதோ வைத்த ஏற்பாடு. பேசத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். நான் கடைக்குப் போனால் எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகு உப்புக் கேட்கிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில் என் பெயரை என் சித்தப்பாதான் சொன்னார்.

"யோசிச்சி சொல்றேன் பெரிப்பா" என்றேன்.

"யோசி. ஆனா மழைக்குள்ள யோசி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பட்டாளத்தார் வந்தார். பழைய புல்லட் வண்டி. பின்னால் தார்ப்பாய், மண்வெட்டி, அலுமினியப் பெட்டி. கூடவே ஒரு நாய், வண்டியின் முன்பக்கத்தில் அவர் மடியில் உட்கார்ந்து வந்தது. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். முடியைப் பட்டாளத்தில் வெட்டுகிற மாதிரியே வெட்டியிருந்தார். இடது காலைச் சாய்த்து வைத்து நடந்தார். பனியில் அந்தக் காலின் விரல்கள் போய்விட்டன என்று பிறகு தெரிந்தது. கண்ணமங்கலத்துக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிற ஊர் அது. கொல்லையின் கீழ்மூலையில் தார்ப்பாயைக் கட்டிக் குடியேறிவிட்டார். ஊரில் அவருக்கு மிலிட்டரி என்று பெயர் விழுந்தது.

அவர் வந்த மறுநாள் ஊர்க்கவுண்டரின் ஆடுகள் அந்தப் பக்கம் போகவில்லை. மேல்வழியாகச் சுற்றி ஓட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு மற்ற எல்லோரும் தங்கள் ஆடுகளைச் சுற்றி ஓட்டினார்கள். கொல்லையின் குறுக்கே போகிற ஒற்றையடிப் பாதையில் யாரும் கால் வைக்கவில்லை. விறகுக்குப் போன பெண்கள்கூட ஓடையில் இறங்கி ஏறிப் போனார்கள். ஊர் கட்டுப் போட்டால் இப்படித்தான். யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கட்டு விழுந்த இடத்தில் ஊர்க்காரன் வேலை செய்ய மாட்டான், மாடு தர மாட்டான், அங்கே இருக்கிறவனிடம் நெருப்பும் வாங்க மாட்டான்.

மிலிட்டரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

"உங்க ஊரு மாதிரி நான் பாத்ததே இல்ல தம்பி" என்று பஸ் நிற்கிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்கூர்ல போர்டு வெச்சா போர்டையே புடுங்கினு போயி கோழிக்கூண்டுக்கு கதவு பண்ணுவானுங்க. இங்க ஒரு ஆடு உள்ள வரல. இன்னா டிசிப்ளின்!"

நான் தலையை ஆட்டினேன். அவருக்குச் சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

அவருக்கு ஒரு கெடு இருந்தது. நிலத்தை வாங்கின மூன்று வருஷத்துக்குள் அவரே பயிர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலம் திரும்பிப் போய்விடும். ஆபீஸ் ஆபீசாக அலைந்ததிலேயே இரண்டு வருஷம் போய்விட்டது. வருகிற மழைதான் கடைசி. அவர் ஒவ்வொரு வீடாகப் போய் ஏரும் மாடும் கேட்டார். ஒரு வீட்டில் மாட்டுக்குக் காலில் புண் என்றார்கள். ஒரு வீட்டில் ஆள் இல்லை என்றார்கள், ஆள் பின்னால் நின்றுகொண்டிருந்தபோதே. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. எல்லோரும் மோர் கொடுத்தார்கள். ஆனால் அவர் குடித்த சொம்பை உள்ளே எடுத்துப் போகவில்லை.

"இன்னிக்கி போயி சொல்லிட்டு வா மாமா" என்று என் மனைவி என்னை அனுப்பினாள். "ஆறப்போட்டது, எங்களுதுன்னு ஒரே பேச்சி. அதுக்கு மேல எதுவும் சொல்ல வேணாம்."

போனேன். அவர் தனியாக முள்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பிடித்தால் இன்னொரு முனை சுருண்டு அவர் முழங்காலில் அடித்தது.

"வா வா, நல்ல நேரத்துல வந்த. அந்தப் பக்கம் கொஞ்சம் புடி" என்றார்.

கட்டு விழுந்த இடம். சுற்றிப் பார்த்தேன், ஊர்க்காரர் யாரும் இல்லை. பிடித்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கம்பி இழுத்துக் கட்டி முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் பேசிக்கொண்டே வேலை செய்தார். "இருவது வருஷத்துக்கு மேல, தம்பி. எவன் நெலத்தையோ ராத்திரியும் பகலும் காத்துனு இருந்தேன். பனி விழுந்துனே இருக்கும். ஒரு புல்லு மொளைக்காது. அங்க நின்னுனு நாங்க எல்லாம் பேசுறது இன்னா தெரியுமா? கொல்லை. வெண்டிக்காய் போடணும், ரெண்டு பசு கட்டணும். பக்கத்துல நின்னவன் பஞ்சாபி. அவன் கோதுமைன்னுவான், நான் நெல்லுன்னுவேன். அதுக்கே சண்டை." அவர் கம்பியை முறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப எனக்குன்னு ஒரு துண்டு."

வீட்டுக்கு வந்தபோது என் கையெல்லாம் முள் கிழித்திருந்தது. என் மனைவி கையைப் பார்த்தாள். "சொல்லிட்டியா?" என்று கேட்கவில்லை. தேங்காயெண்ணெய் எடுத்து வந்து தடவினாள்.

"நம்ம கொல்லைக்கு நாமளே வேலி கட்டி, நம்மளயே வெளிய வெச்சிட்ட" என்றாள்.

சித்திரை போய் வைகாசி வந்தது. மழை இல்லை. எதிர்மலையில் காய்ந்த புல்லில் நெருப்புப் பிடித்து இரண்டு நாள் எரிந்தது. புகை எங்கள் பள்ளத்தில் இறங்கித் தங்கியது. அந்த நாட்களில்தான் ஒன்றொன்றாக நடக்க ஆரம்பித்தது. வேலிக்கம்பங்கள் இரண்டு சாய்ந்து கிடந்தன. பன்றி இடித்திருக்கும் என்றார் மிலிட்டரி. ஓடையிலிருந்து அவர் இழுத்திருந்த தண்ணீர்க் குழாய் அறுந்து கிடந்தது. முள்ளம்பன்றி கடித்திருக்கும் என்றார். வெட்டு நேராக இருந்ததை நான் பார்த்தேன். பிறகு ஒரு காலையில் நாயைக் காணவில்லை.

"சிறுத்தை தூக்கினு பூட்ச்சி" என்று வந்து சொன்னார். அவர் கண் சிவந்திருந்தது. நானும் போய்ப் பார்த்தேன். சங்கிலி கம்பத்தில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதன் முனையில் நாயின் கழுத்துப்பட்டை கழற்றி மாட்டப்பட்டிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். அன்றிலிருந்து சிறுத்தை, பன்றி என்று அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். சாயங்காலமானால் முதுகைப் பாறைக்குக் கொடுத்து, வழியைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார்.

இதை யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊரில் இளவட்டங்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும், என் பங்காளியின் மகன், தண்ணீர்க்குழாயடியில் வைத்துச் சொன்னான். "சித்தப்பா, நீ பேசுற மாதிரி தெரில. நீ பேசலன்னா கொல்லை பேசாதுன்னு நெனச்சிக்காத."

மழை இறங்கும் நேரத்தில் ஊர் கூடியது. கோயிலுக்கு முன்னாலிருக்கும் பாறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. விதைப்பு எந்த நாள் என்று பேசி முடித்ததும் ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டார்.

"எழுந்து சொல்லுடா. அந்தக் கொல்லைய பத்தி இன்னா சொல்ற? அவன் போணுமா, இருக்கணுமா?"

நான் பல நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போக வேண்டும் என்று சொன்னால் அன்றைக்கே இளவட்டங்கள் போய்விடுவார்கள். அந்தக் கழுத்துப்பட்டை எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு போலீசும் ஆபீசும் மலையேறும். இருக்கட்டும் என்று சொன்னால் கொல்லை போய்விடும். ஒன்றும் சொல்லாவிட்டாலும் போய்விடும். அவர் கீழிருந்து யாரையாவது கூட்டி வந்து உழுதுவிட்டால், கடைசியாக உழுதவர் அவர்தான். பிறகு ஊரில் என் வாய்க்கு இடமில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வழி.

"நானும் கூட உழறேன்" என்றேன்.

"இன்னாது?"

"அவரோட சேந்து நானும் ஏர் புடிக்கிறேன் பெரிப்பா."

பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. "சொந்தக் கொல்லையில கூலி வேலை. இந்த மலையில மொத ஆளு நம்ம அண்ணன்தான்" என்று ஒருவன் சொன்னான்.

ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. நான் எதற்காக அப்படிச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்திருந்தது. கடைசி உழவில் என் கையும் இருக்கும்.

"கட்டு போட்ட எடத்துல எறங்குனா கட்டு உன் வூட்டுக்கும் வரும். தெரியுமில்ல?"

"தெரியும் பெரிப்பா."

"உன் பொண்டாட்டிக்கு?"

அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

எங்கள் மாடுகளையே ஓட்டிக்கொண்டு போனேன். மிலிட்டரிக்கு நம்ப முடியவில்லை. எங்கள் இருவர் பெயரையும் சொல்லிச் சாமி கும்பிட்டார். மேழியைப் பிடித்த முதல் சாலிலேயே கோணல்மாணலாகப் போனார். விரல் இல்லாத கால் உழுத மண்ணில் நிற்கவில்லை. மாடுகளைப் பார்த்து இந்தியில் ஏதோ அதட்டினார். அவை நின்று திரும்பிப் பார்த்தன.

"இதுங்களுக்கு ஆர்டர் புரியல தம்பி."

"நீங்க பேசாம வாங்கண்ணா. அதுங்களே போவும்" என்றேன்.

அவை தாமாகவே போயின. செடிகளுக்குள் மூடிக் கிடந்த பழைய கல்வரிசை வரைக்கும் போய், யாரும் சொல்லாமலே திரும்பின. மேல்பக்கம் பாறை இருக்கிற இடத்தில் ஏர் தட்டுமுன்னரே ஒதுங்கின. அவர் ஒரு முறை நின்று கல்வரிசையைக் காலால் தள்ளிப் பார்த்தார். பிறகு மாடுகளைப் பார்த்தார். மறுபடி மேழியைப் பிடித்தார்.

ஊரில் ஊர்க்கவுண்டர் முதல் பிடி விதைத்த பிறகுதான் மற்றவர்கள் விதைப்போம். அந்த வருஷம் எனக்கு அந்த விதையில் பங்கு தரவில்லை. அந்தப் பிடி இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் அதுவரை விதைத்ததில்லை. வீட்டில் இருந்த பழைய சாமையைத்தான் இறைத்தேன். ஊரில் எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. என் மனைவி தண்ணீருக்கு ஓடை வரைக்கும் இறங்கிப் போனாள். அவள் காய்ச்சல் வந்து படுத்தபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு வேலிக்கு மேலாகக் கஞ்சிக்குண்டானை வைத்துவிட்டு யாரோ போயிருந்தார்கள். யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

பயிர் நன்றாக வந்தது. நாலு வருஷம் ஆறின மண். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மேல்வழியில் போகிறவர்கள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போனார்கள்.

அறுப்புக்கு முன்னால் ஆபீசிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். அந்த மாதிரி யாராவது வந்தால் ஊர்க்கவுண்டரும் கூடப் போவது வழக்கம். அவர் கம்பிக்கு வெளியே நின்றார். நான் உள்ளே, அரிவாளோடு, களை எடுத்துக்கொண்டிருந்தேன். மிலிட்டரி சட்டை மாற்றி, மெடல் குத்திக்கொண்டு வந்து நின்றார்.

"யாருங்க பயிர் பண்றது?" என்று கேட்டார் வந்தவர்களில் பெரியவர்.

"நான்தாங்க சார்."

"வேற யாராச்சும் பங்கு?"

"யாரும் இல்லீங்க. நானே உழுது நானே வெதச்சேன்."

"இந்த நெலத்துல வேற யாருக்காவது பாத்தியதை இருக்குதுன்னு சொல்றாங்களா?"

"இல்லீங்க சார்."

ஆபீசர் என்னைப் பார்த்தார். "இவரு?"

மிலிட்டரி என் பக்கம் திரும்பவில்லை. "கூலிக்கு வந்தவரு" என்றார்.

ஜீப் போன பிறகு ஊர்க்கவுண்டர் அந்த இடத்திலேயே நின்றார். நான் வெளியே வரும் வரைக்கும் காத்திருந்தார்.

"அந்த மண்ணு மேல நின்னுனே சொன்னான். நீயும் அங்கதான் வாயத் தெறக்காம நின்ன" என்றார். "இனிமே ஊரு உனக்காக இன்னான்னு கேக்குறது?"

அன்று பொழுது சாய மிலிட்டரி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு ரம் பாட்டிலைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். நான் குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். அவரும் அதைத் திறக்கவில்லை.

"வேற மாதிரி சொல்லியிருந்தா இன்னைக்கே திருப்பி எடுத்திருப்பானுங்க தம்பி. எனக்கும் இல்ல, உனக்கும் இல்லன்னு ஆயிருக்கும்."

உனக்கும் என்று அவர் சொன்னதும் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மாடு திரும்புச்சே, அன்னைக்கே தெரியும்" என்றார். "எவன் சொல்லிக் குடுத்தான் அதுங்களுக்கு? நான் போர்டு வெச்சேன். அதுங்க படிக்கல."

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "தெரிஞ்சிதான் சொன்னீங்களா, கூலிக்காரன்னு?"

அவர் வாசலில் ஏறாமலே நின்றுகொண்டிருந்தார். "எனக்கு வேற எடம் குடுக்க மாட்டாங்கம்மா" என்றார். பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அவள் அதை எடுத்து மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்தாள்.

அந்தத் தை மாதம் கோயிலில் கோழி அறுத்து, எங்கள் காலில் தண்ணீர் ஊற்றி, வீட்டுக்குப் போட்டிருந்த ஊர்க்கட்டை எடுத்தார்கள். கொல்லைக்குப் போட்டதை எடுக்கவில்லை. மிலிட்டரி அதற்குப் பிறகு கீழிருந்து சின்ன டிராக்டர் கொண்டுவந்து உழுதார். நான் மறுபடி அதில் இறங்கவில்லை; ஊர்க் கணக்கில் பேச்சும் அவரிடம் போய்விட்டது. மண்ணை ஆறவிடாமல் வருஷா வருஷம் உழுதார். வழியில் பார்த்தால் இரண்டு பேரும் நின்று மழையைப் பற்றிப் பேசுவோம். பயிர் வருஷத்துக்கு வருஷம் குட்டையாகிக்கொண்டே வந்தது. பிறகு அவருக்கு மூச்சு வாங்கும் நோய் வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, காரில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். கொல்லை சும்மா கிடந்தது. ஆடுகள் அப்போதும் சுற்றித்தான் போயின.

இந்த வருஷம் மாசி மாதத்தில் அவர் மகன் வந்தான். பெங்களூரில் வேலையாம். கூட இன்னொருவர், வெள்ளைச் சட்டை போட்டவர். விற்கக் கூடாது என்று வைத்திருந்த கெடு முடிந்துவிட்டது என்று அதற்கு முன்பே கடையில் பேசிக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் மண்ணைப் பார்க்கவில்லை. கொல்லைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார். காலையில் பனி எத்தனை மணி வரைக்கும் நிற்கும், கார் ஏறுகிற மாதிரி வழி எந்தப் பக்கம் வெட்டலாம், பக்கத்துச் சரிவெல்லாம் யாருடையது என்று கேட்டார். பக்கத்துச் சரிவுகளும் ஆறப் போட்டவைதான்.

என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனேன். ஊரில் பத்துப் பதினைந்து பேர் மேல்வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கவுண்டரும் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நீங்கதான எங்கப்பா கூட மொதல்ல உழுதவரு?" மகன் மரியாதையாகத்தான் பேசினான். "ஒண்ணுமில்ல, சாரு கேக்குறாரு. இந்த நெலத்துல உங்களுக்கு ஏதாச்சும் பாத்தியதை கீதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் சொல்லக் கூடாது."

இத்தனை வருஷத்தில் என்னிடம் இதை நேராகக் கேட்ட வெளியாள் அவன்தான். நான் நின்றுகொண்டிருந்தது அந்த மண்ணில்.

"இருக்குது" என்றேன்.

அவன் சிரித்தான். "இன்னா இருக்குது?"

"எங்கப்பா உழுத கொல்லை. நான் உழுத கொல்லை. ஆறப் போட்டிருந்தோம். உங்கப்பாவுக்கு ஏர் புடிச்சது நான்தான். கூலிக்கு இல்ல. அவருக்குத் தெரியும்."

நான் அதற்கு முன்னால் யாரிடமும் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. மேல்வழியில் யாரும் அசையவில்லை. மகன் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்தவரைப் பார்த்தான். வெள்ளைச் சட்டைக்காரர் கோபப்படவில்லை. போனை எடுத்து என் முகத்தைப் படம் பிடித்தார். பிறகு எங்கள் வீடு எது என்று கேட்டு, அதையும் படம் பிடித்தார்.

"பசங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒரு பையன்."

"எங்க வேலை?"

நான் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

மறுநாள் மத்தியானம் மிலிட்டரி போன் செய்தார். மூச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"சொல்லிட்டியாமே."

"ம்."

"சரிதான். நீ சொன்னதுதான் சரி. ஆனா எம்பையன் அந்த ஆளுக்கு வாக்கு குடுத்துட்டான். நான் சொல்றத கேக்குற நெலமையில இல்ல." இருமிவிட்டுத் தொடர்ந்தார். "அந்த ஆளு செங்கம் பக்கத்துல இதே மாதிரி ஒரு எடம் எடுத்தான் தம்பி. அங்கயும் ஒருத்தன் எழுந்து சொன்னான்."

"அவரு இன்னா ஆனாரு?"

"இப்ப அந்த ஊர்ல இல்ல" என்றார். பக்கத்தில் யாரோ போனைக் கொடுக்கச் சொல்வது காதில் விழுந்தது. பிறகு அவர் போன் எடுக்கவே இல்லை.

அதே வாரத்தில் யாரோ வந்து கொல்லையில் வரிசையாகக் குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். குச்சி வரிசை எங்கள் கல்வரிசையோடு நிற்கவில்லை. பக்கத்துச் சரிவுக்குள்ளும் போனது. அதைப் பார்த்த பிறகு ஊர்க்கவுண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வயதாகிவிட்டதால் மெதுவாக வந்தார்.

"சொல்லிட்ட இல்ல, இனிமே உழணும். சொல்லிட்டு உழாம உட்டா, சொன்னதே ஆவாது."

"இன்னும் மழையே வரலியே பெரிப்பா."

"மண்ணு நனையற வரைக்கும் அவன் காத்துனு இருப்பானா?" என்றார். மடியிலிருந்து ஒரு பிடி சாமை எடுத்து என் மனைவியின் முறத்தில் போட்டார். "எம்மருமவனும் ரெண்டு பசங்களும் உங்க வாசல்லயே படுத்துப்பாங்க. வேணாம்னு சொல்லாத."

பையனை இப்போதைக்கு ஊருக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அவன் ஏன் என்று கேட்டான். நான் போனை என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று ஏர் கட்டினேன். பழைய மாடுகள் இப்போது இல்லை. இவை புதுசு, கல்வரிசைக்கு வந்ததும் நான் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. காய்ந்த மண்ணில் ஏரின் கொழு இறங்கவே இல்லை; பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. குச்சிகளைப் பிடுங்க வேண்டாம், அது வேற கேசாகும் என்று காலேஜ் படித்த பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு உழுதேன். கம்பிக்கு வெளியே ஊர்க்காரர்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வெயில் ஏறினதும் என் மனைவி கூழ் கொண்டுவந்தாள். குண்டானை இறக்கி வைத்து, மிளகாயும் வெங்காயமும் எடுத்து வைத்தாள். மற்ற நாளில் நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நேற்று எனக்கு முதுகைக் காட்டி, மலைக்கு ஏறி வருகிற ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நீ சாப்புடு மாமா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.